முதலில் ஓடுகிறவள்

பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிற கோல்கீப்பரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போடியில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட ஹாக்கி அணியில் நான் அப்படித்தான் நின்றேன். ஒருமுறை கண்ணைத் திறந்தபோது பந்து என் இரண்டு காலுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. பையன்கள் ஓடிவந்து என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். அது பயத்தில் வந்தது. அடுத்த வாரமே அணியை விட்டு நின்றேன். படிப்பு முடிந்து லைசென்ஸ் எடுத்ததும் ஏலக்காய்க் கடையில் ஜீப் ஓட்டுகிற வேலைக்குப் போனேன்.

அங்கேயும் பயம் என்னை விடவில்லை. போடிமெட்டு மலைப்பாதையில் எதிரே வண்டி வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்கள், "அண்ணே, நீங்க வண்டி ஓட்டுறீகளா, ஒப்பாரி வைக்கிறீகளா?" என்பார்கள். எனக்கு 'ஹாரன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் போட்டு அனுப்புகிறார்கள்.

இப்படிப்பட்டவன் அவளைப் பற்றி எழுதக் கிளம்பியிருக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுடைய அண்ணன் என் ஜீப்பின் நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிடுவார். ஊரில் முதல் மரியாதை வாங்குகிற வீடு அவர்களுடையது. போடிக்கும் மலை அடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் தென்னந்தோப்பில் பாதி அவர்களுடையது, மீதிப் பாதி அவர்களுக்குப் பயப்படுகிறவர்களுடையது.

பெண்கள் பள்ளி ஹாக்கி அணியை வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துப்போக ஜீப் வேண்டும் என்று அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர் எங்கள் முதலாளியிடம் கேட்டார். முதலாளி ஜீப்பைக் கொடுத்தார். ஜீப்போடு நானும் போனேன். ஹாக்கி ஆடியவன் என்று யாரோ சொல்லித் தொலைத்ததால், வண்டியை விட்டு இறங்கியதும் நான்தான் அணி மேனேஜர். தண்ணீர்ப் பானை, எலுமிச்சம்பழம், ஐஸ் கட்டி, அப்புறம் வாய்க்கு வந்தபடி கத்துவது, இவை என் பொறுப்பு.

அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒல்லி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையை மடக்கிக் கட்டியிருப்பாள். சாக்ஸுக்குள் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சொருகியிருப்பாள். முன்காலைக் காக்கும் கவசம் அதுதான். நடக்கும்போது டப் டப் என்று சத்தம் வரும்.

பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காக்கிற அணியில் ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதிரணியில் ஒருத்தி ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளுவாள். ஒருத்தி நிறுத்துவாள். இன்னொருத்தி கோலைப் பார்த்து ஓங்கி விடுவாள். பந்து தள்ளப்படும் வரைக்கும் காக்கிறவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. தள்ளியதும் ஒருத்தி நேராக, அடிக்கப்போகிறவளின் மட்டையை நோக்கியே ஓட வேண்டும். 'முதல் ஓட்டம்' என்று பெயர். துப்பாக்கியைப் பார்த்து ஓடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு யாரும் போட்டி போட மாட்டார்கள்.

அவள்தான் முதலில் ஓடுகிறவள்.

கோட்டில் வந்து நிற்கும் முன் வலது கால் நுனியால் கோட்டை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு குனிவாள். குனிந்தால் குனிந்ததுதான். பந்து நகர்கிற வரைக்கும் அவள் உடம்பில் ஈ உட்கார்ந்தாலும் பறக்காது. நகர்ந்துவிட்டால் அவள் எங்கே நின்றாள் என்பதே தெரியாது.

இதில் ஒரு விதி இருக்கிறது. அப்படி ஓடுகிறவளின் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் எதிரணிக்கு இன்னொரு கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலேயோ பட்டால் நம் பக்கம் நியாயம். ஆகவே அவள் தொடையைக் கொடுத்து ஓடுவாள். விதியை எழுதியவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். அடிபட்டவளிடம் போய், அடி எங்கே பட்டது என்று பார்த்துவிட்டு நியாயம் சொல்கிற புத்தி வேறு யாருக்கு வரும்? ஆட்டம் முடிந்து ஜீப்பில் ஏறும்போது தொடையில் நாவற்பழம் நிறத்தில் வட்டம் வட்டமாக இருக்கும். ஐஸ் கட்டியை நீட்டுகிற என் கை நடுங்கும்.

"வலிக்கலையா ஆத்தா?"

"வலிக்காமயாண்ணே இருக்கும்? நீங்க ஏன் நடுங்குறீக?"

"நான் மேனேஜர்ல. உனக்கும் சேத்து நடுங்கணும்."

அவளுக்கு ஒரு சொல் உண்டு. "ஊதியாச்சுண்ணே." விசில் ஊதியாகிவிட்டது என்று அர்த்தம். நடுவர் தப்பாக ஊதினாலும் அவள் வாதாட மாட்டாள். மற்றப் பெண்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கையை ஆட்டுவார்கள். பி.டி. டீச்சர் கோட்டுக்கு வெளியே குதிப்பார். நான் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன். அவள் மட்டும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, அவிழ்ந்த நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பாள். கேட்டால், "ஊதியாச்சுண்ணே. இனிமே என்ன பேச்சு?"

ஆட்டத்துக்கு வெளியிலும் அதேதான். திரும்பி வரும் வழியில் ஆண்டிபட்டியில் புரோட்டா தீர்ந்துபோய்க் கடைக்காரர் கையை விரிப்பார். மற்றப் பெண்கள் சண்டைக்குப் போவார்கள். இவள் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து ஜீப்பில் உட்கார்ந்துகொள்வாள். ஊதியாச்சு.

எனக்கு அது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மதுரையில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தோடு அந்த வேடிக்கை போய்விட்டது.

கல்லூரி நாட்கள். அவளுடைய கல்லூரி அணிக்கும் ஜீப்போடு நான்தான் மேனேஜர். முடிய இரண்டு நிமிடம். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். எதிரணிக்குக் கார்னர். இவள் ஓடிப்போய்ப் பந்தைத் தட்டி வெளியே அனுப்பிவிட்டாள். நான் பானையைப் போட்டு உடைத்துவிட்டுக் குதிக்கிறேன். நடுவர் எங்களுக்குச் சாதகமாகக் கையைக் காட்டுகிறார். அப்போது இவள் கையைத் தூக்குகிறாள்.

"சார், நான் முன்னாடியே கெளம்பிட்டேன்."

நடுவர் பார்க்கவில்லை. எதிரணி பார்க்கவில்லை. நான் பார்க்கவே இல்லை, வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தேன். விதிப்படி அவளை நடுக்கோட்டுக்குத் துரத்திவிட்டார்கள். கார்னரை மறுபடி எடுத்தார்கள். முதலில் ஓட ஆளில்லை. கோல். அப்புறம் இன்னொன்று. தோற்றோம்.

ஜீப்பில் நான் வாயை மூடவில்லை. "ஏத்தா, சொக்கநாதரே நேர்ல வந்து கேட்டாரா உன்கிட்ட? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா?"

"கோட்டுல நின்னா நிக்கணும்ணே."

"பார்க்கலைனா?"

"நான் பார்த்தேன்ல."

ஹாரன் அடித்தேன். நேரான சாலையில், முன்னால் ஒரு மாடுகூட இல்லாதபோது.

ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த தேர்வாளர் ஒருவர், தோற்ற அணியிலிருந்து இவள் ஒருத்தியைத்தான் குறித்துக்கொண்டு போனார். மாநில அணி கிடைத்தது. இரண்டு வருடம் அதில் ஆடினாள். ஒரு முன்பல் போனது. அப்புறம் இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. புதன்கிழமை காலை பெங்களூரில் இருக்க வேண்டும். வராதவர்களின் இடம் அடுத்தவளுக்கு. போடி மலை அடிவாரத்திலிருந்து இந்தியச் சட்டை போட ஒருத்தி போகப்போகிறாள் என்று நான் முதலாளியின் ஏலக்காயை அள்ளி ஆளுக்கொரு கை கொடுத்தேன். முதலாளி பார்க்கவில்லை. நான் கையைத் தூக்கவில்லை.

அந்தப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக்கட்டு.

இது எங்கள் பக்கத்து வழக்கம். திருவிழா தொடங்கும் நாளில் கொட்டடித்து, மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டுவார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிறவர்கள், விழா முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். தங்கினால் தங்கினவருக்கு ஆகாது என்பார்கள். ஊருக்கும் ஆகாது, மழை பெய்யாது, அம்மை போடும் என்பார்கள். வெளியூரில் சோலி இருப்பவர்கள் கொட்டுச் சத்தத்துக்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடுவார்கள். தாண்டியவனைச் சாமி ஒன்றும் கேட்காது. அப்படி ஒரு சமரசம்.

எப்போதும் சாயங்காலம்தான் கட்டு. ஆகவே மத்தியானம் நான் அவளை ஏற்றிக்கொண்டு போய்ப் போடியில் பெங்களூர் பஸ்சில் உட்கார வைப்பதாகத் திட்டம். காலையில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டுச் சத்தம் கேட்டது.

முதலில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் தப்பில்லை.

அவளுடைய அண்ணன் கையில்தான் முதல் காப்பு ஏறும். நல்ல நேரம் காலையிலேயே வருகிறது என்று சொல்லி மாற்றிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற குடும்பம் ஒன்று திருவிழாவுக்குப் பெண் பார்க்க வருகிறது என்பதும், பெண் வீட்டில் இல்லாமல் பெங்களூரில் மட்டை தூக்கிக்கொண்டு திரிந்தால் நன்றாக இருக்காது என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். என் மூளை பயத்தில்தான் வேலை செய்யும். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொட்டுச் சத்தம் அவள் காதில் விழாமல் இருக்கட்டும், விழவில்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடட்டும் என்று ஒரு யோசனை. தெருவே கூடிவிட்டது. அவள் வெளியே வந்தாள். தோளில் பை இருந்தது. கையில் மஞ்சள் கயிறு ஈரத்தோடு இருந்தது.

"ஏறு ஆத்தா, வெரசா ஏறு. கேக்கலைனு சொல்லிக்கலாம்."

"கேட்டுச்சுண்ணே."

"கேட்டா என்ன? அவுகளே நேரத்தை மாத்திப்புட்டாக. இது கள்ளாட்டம்ல?"

அவள் பையை இறக்கி வைத்தாள். "ஊதியாச்சுண்ணே."

நான் அவளுடைய அண்ணனிடம் போய்க் கேட்டேன். "அண்ணே, பிள்ளை எம்புட்டுப் பாடுபட்டு வந்திருக்கு. இதுக்கு வேற வழி ஒண்ணும் இல்லையா?"

"சாமி காரியம் அப்பு. இதுல வழியெல்லாம் கெடையாது" என்றார். பிறகு என் கையிலும் ஒரு கயிற்றைக் கட்டச் சொன்னார்.

புதன்கிழமை அவளுடைய இடத்துக்கு அடுத்தவள் போனாள். அந்த அடுத்தவள் பின்னால் இந்தியச் சட்டை போட்டாள். டிவியில் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினாள். கோபப்பட முடியவில்லை, அதுவும் ஒரு எரிச்சல்.

தைமாதம் கல்யாணம். மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எப்போதாவது அந்தப் பக்கம் லோடு எடுக்கப் போகும்போது பார்ப்பேன். பல் கட்டியிருந்தாள். பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது. மட்டை கொல்லையில் சாத்தியிருந்தது. அதன் வளைவு கொய்யாக் கிளையை இழுக்கத் தோதாக இருக்கிறது என்று அவள் மாமியார் என்னிடம் பெருமையாகச் சொன்னார். "மதினி, இந்தியாவே கேட்ட தொரட்டி இது" என்றேன். மாமியாருக்குப் புரியவில்லை. அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தேநீர் நேரம் கழித்து வந்தது.

போன வருடத் திருவிழாவுக்கு அவள் வந்திருந்தாள். கையில் காப்பு கட்டியிருந்தது. அவளுடைய அண்ணன் மகனுக்குத் துபாயில் வேலை. விழா நடுவில் கிளம்பும்படி டிக்கெட் வந்துவிட்டது. அவன் கையிலும் காப்பு. அவனை மதுரை விமான நிலையத்தில் விட்டுவர ஜீப்போடு போய் வாசலில் நின்றேன். எப்படி அனுப்பப்போகிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

பூசாரி வந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்தார். பையன் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து வாசல் நிலையில் கட்டினார். இனி அந்த நிலைதான் அவனுக்குப் பதிலாக ஊரில் இருக்குமாம். அவ்வளவுதான். காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அவள் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஒரு வழி இருக்காண்ணே?" என்று அண்ணனிடம் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவர் மகனுடைய பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "எப்பவும் இருக்குறதுதான் தாயி. கேட்டாத்தானே சொல்லுவாக" என்றார்.

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "நான் கேட்டேனேண்ணே. அன்னைக்கு. இதே வாசல்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜீப் எங்கே நிற்கிறது, எத்தனை எட்டில் ஏறலாம் என்று கணக்குப் போட்டேன்.

"நீ கேட்ட அப்பு. அவ கேக்கலையே."

பூசாரி பாதி எலுமிச்சம்பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பெட்டிகளை ஏற்றினேன். பையன் பின்னால் ஏறினான். முன் சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லை, மஞ்சள் கயிற்றைத் தவிர. பையனை வழியனுப்பிவிட்டுப் பொழுது சாயத் திரும்பிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு யாரும் தடுக்கவில்லை.

எல்லைக்கல் கிட்டே வந்ததும், "நிறுத்துங்கண்ணே" என்றாள்.

இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, வலது கால் நுனியால் ரோட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். குனிந்தாள்.

"அத்தைக்கு என்னாச்சு மாமா? ப்ளைட்டுக்கு நேரமாகுது" என்றான் பையன்.

என் கை தானாக எங்கே போகுமோ அங்கே போனது. ஹாரன் அலறியது.

அவள் ஓடினாள். நாற்பதை நெருங்குகிற பெண், சேலையோடு, தோப்புகளுக்கு நடுவில் நேராக ஓடினாள். எதிரே வந்த டவுன் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டாள். ஜீப்பை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோனேன். முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கோட்டைத் தாண்டிட்டேண்ணே" என்றாள். "பந்துதான் எப்பவோ உள்ள போயிருச்சு."

அவள் ஏறிக்கொண்டாள். கியரை மாற்றினேன்.

போடி பஸ் நிலையத்தில் இறங்கிக்கொண்டாள். போடிமெட்டுக்குப் போகிற ஜீப்பில் ஏறி, காப்புக் கையோடு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று இரவு எல்லைக்கு வெளியேதான் தூங்கினாள். தூங்கினாளோ என்னவோ.

விழா முடிகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை ஏற்றிப்போனவன் நானல்லவா? வளைவுக்கு வளைவு அம்மன் குறுக்கே நிற்பாள் என்று இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. பிள்ளைகளின் உடம்பில் கொசுக்கடியைப் பார்த்துவிட்டு அம்மை என்று அலறி, வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஜீப் கவிழவில்லை. யாருக்கும் அம்மை போடவில்லை. மலையில் அவளுக்குத் தலைவலிகூட வரவில்லையாம். அந்த வருடம் மழைகூட நன்றாகவே பெய்தது.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.